ஐந்து மணியிலிருந்து பத்துக் குறைய ஆறு வரை

இன்று காலை பிரிட்ஜைத் திறந்ததும் ரம்பை இலை மணம் வந்தது. நேற்று சூக் நகரத்தில் உங்கள் ஆட்கள் வற்புறுத்திக் கட்டித் தந்த கேக். பச்சையும் மஞ்சளுமாக அடுக்கடுக்காக, நீங்கள் செய்வது மாதிரியே செய்திருந்தார்கள். ரம்பையைச் சோற்றுக்கும் கறிக்கும் மட்டுமே போட்டுப் பழகிய எனக்கு, அதைக் கேக்குக்குப் போடுவதாக நீங்கள் முதன்முதல் சொன்னபோது சிரிப்பு வந்தது. ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்தேன். வாயில் வைக்க மனம் வரவில்லை. தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வேலையிடத்தில் நாங்கள் ஜெர்மனில் ‘டூ’, அதாவது ‘நீ’, போட்டுத்தான் கதைத்தோம். தமிழில் எழுதும்போது உங்களை ‘நீ’ என்று எழுதக் கை வரவில்லை. உங்களைவிட நான் மூன்று வயது இளையவள். உங்கள் இந்தோனேசிய ஆட்கள் எல்லோரும் உங்களை ‘இபு’ என்று கூப்பிடுவார்கள், அம்மா என்று அர்த்தம். நானும் அப்படியே கூப்பிட்டேன். இதையெல்லாம் நீங்கள் இருந்தபோதே ஜெர்மனில் நாலு வரியில் சொல்லியிருக்கலாம். எங்கள் கிறிஸ்தவச் சபையில் வாய் ஓயாமல் கதைக்கிறவள் என்று பெயர் எடுத்த எனக்கு அந்த நாலு வரி மட்டும் வரவில்லை.

சுவிஸில், வில் என்ற ஊரில், அந்த முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் ஒன்பது வருடம் ஒன்றாக வேலை செய்தோம். கட்டில் விரிப்பை ஒருவர் தனியே மடிக்க முடியாது. நீங்கள் ஒரு முனை, நான் மறுமுனை. இழுத்து, உதறி, நடுவுக்கு வந்து கை மாற்றி, திரும்பவும் பின்னால் போக வேண்டும். ஒரு நாளைக்கு நூறு தடவை ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்தே ஆக வேண்டிய வேலை. அப்படி மடித்துக்கொண்டுதான் உங்கள் சபைக் கதையைச் சொன்னீர்கள். அப்போது அது சபையே இல்லை. உங்கள் வீட்டு முன்னறையில் ஏழு பேர். பாட்டுச் சத்தம் கூடிப்போச்சு என்று கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை கடிதம் போட்டிருந்தார்.

அந்த ஏழு பேரையும் நீங்கள் எப்படிப் பிடித்தீர்கள் என்று நினைத்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. லீவு நாளில் ரயில் ஏறி, மலைப்பக்கத்து ஹோட்டல்களில் அறை துப்புரவு செய்கிற இந்தோனேசியப் பிள்ளைகளைத் தேடிப் போவீர்கள். சுவிஸ்காரரைக் கட்டி வந்து, கதைக்க ஆளில்லாமல் வீட்டுக்குள் இருந்த பெண்களைக் கண்டுபிடித்தீர்கள். சூக்கில் ஒரு உணவகத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவிய யூலியை, ஒரு போத்தல் மிளகாய்ச் சம்பலோடு போய்ப் பிடித்தீர்கள். ஜெபிக்க வா என்று ஒருவரையும் நீங்கள் கூப்பிட்டதில்லை, சாப்பிட வா என்றுதான் கூப்பிடுவீர்கள். ஏழு பேருக்கு எதற்கு இவ்வளவு பெரிய பானை என்று கேட்டேன். “வராத ஆக்களுக்கும் சேர்த்துத்தான் சமைக்கிறன்” என்றீர்கள். உங்கள் ஜெர்மன் என் தமிழில் இப்படித்தான் கேட்கிறது.

எங்கள் தமிழ்ச் சபைக்குச் சுவிஸ் தேவாலயத்தார் ஞாயிறு பின்னேரங்களில் மண்டபம் தந்திருந்தார்கள். பூட்டுத் திறப்பு என்னிடம்தான் இருந்தது. நான் போய்க் கேட்டு, எங்களுக்குப் பிறகு ஐந்து மணியிலிருந்து ஏழு மணிவரை உங்களுக்கு எடுத்துத் தந்தேன். அதை எத்தனை பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன் தெரியுமா? நான் எடுத்துக் குடுத்த மண்டபம், நான் எடுத்துக் குடுத்த மண்டபம் என்று சொல்லிச் சொல்லியே அதைக் கடைசியில் என் சொந்த வீடாக்கிவிட்டேன்.

இரண்டு வருடத்தில் நீங்கள் இருபத்திரண்டு பேரானீர்கள். எங்கள் ஆராதனை ஐந்துக்கு முடிய வேண்டும். முடியாது. கர்த்தர் தனக்குச் செய்ததைச் சாட்சி சொல்ல எழும்புகிறவரை யார் இருத்துவது? பிறகு அறிவித்தல், பிறந்தநாள் பாட்டு, தேத்தண்ணி, ரோல்ஸ். ஐந்தேகால், ஐந்தரை ஆகும். நீங்கள் வெளியே கண்ணாடிக் கதவுக்கு அப்பால், துவாயால் சுற்றிய பானைகளோடு நிற்பீர்கள். நான் கையைக் காட்டினால் நீங்களும் அவசரமில்லை என்று கையைக் காட்டுவீர்கள். உங்கள் ஆட்களுக்கு முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று சொல்வது பெரிய மரியாதைக் குறைவு என்று நீங்களே ஒருமுறை எனக்கு விளங்கப்படுத்தியிருந்தீர்கள். தெரிந்துகொண்டும் அந்தக் கையசைப்பை நான் சம்மதமாகவே எடுத்துக்கொண்டேன். எனக்கு அதுதான் வசதி.

நான்கு வருடத்துக்கு முன்பு, கார்த்திகை மாதம். ஒல்லாந்திலிருந்து உங்கள் நாட்டுப் போதகர் ஒருவர் வருவதாக ஏற்பாடு. அவர் வந்து மூன்று பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்து, திருவிருந்து நடத்தி, உங்களை மூப்பராக ஏற்படுத்தினால்தான் அந்தக் கூட்டம் முறைப்படி சபையாகும். அதே ஞாயிற்றுக்கிழமைதான் என் கணவரின் அறுபதாவது பிறந்தநாள் நன்றி ஆராதனை. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் இனசனம் வந்து இறங்கியிருந்தது.

அதற்கு முந்திய புதன்கிழமை நீங்கள் கேக்கோடு என் வீட்டுக்கு வந்தீர்கள். ஞாயிறு கொண்டாட்டம் பெரிதோ என்று கேட்டீர்கள். ஓம் என்றேன். என் திரைச்சீலைகள் வடிவாக இருப்பதாகச் சொன்னீர்கள். கனபேர் வருவினமோ என்று கேட்டீர்கள். பிறகு என் மகளின் படிப்பைப் பற்றி விசாரித்தீர்கள். எழும்பிப் போகும்போது கதவடியில் நின்று, போதகர் ஆறு மணி ரயிலைப் பிடித்தால்தான் அன்றைக்கு ஊர் போய்ச் சேருவார் என்று, ஏதோ மழையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னீர்கள்.

எனக்கு விளங்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு இந்தக் கதை விளங்காதா? நாங்களும் ஒரு உதவி கேட்கப் போனால் வாழைப்பழச் சீப்போடு போய், மாடு கன்று எல்லாம் விசாரித்து, படலையடியில் வைத்துத்தான் வந்த விஷயத்தைச் சொல்கிறவர்கள். நீங்கள் வாசலுக்குள் வந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. ஐந்து மணிக்கு விட்டுத் தாருங்கள் என்று ஒரு வாயால் நீங்கள் கேட்டிருந்தால் நான் ‘ஓம்’ என்று சொல்லி, அதைக் காப்பாற்ற வேண்டியும் வந்திருக்கும். நீங்கள் கேட்கவில்லை. ஆகவே நானும் விளங்காத மாதிரி நின்று, “ஒரு பிரச்சினையும் இல்லை” என்று சிரித்து அனுப்பினேன்.

ஞாயிறு இரண்டு மணிக்குத் தொடங்க வேண்டிய ஆராதனை இரண்டே முக்காலுக்குத் தொடங்கியது. கனடாக்காரர் சாட்சி சொன்னார், லண்டன்காரர் சாட்சி சொன்னார். கேக் வெட்டி ஒவ்வொருவராக ஊட்டினார்கள். பிறகு படம். எங்கள் படமெடுப்பு உங்களுக்குத் தெரியும், குடும்பம் குடும்பமாக மேலே ஏறி நிற்க வேண்டும். ஒரு குடும்பத்தை விட்டால் பத்து வருடத்துக்குக் கதை இருக்கும். ஐந்து மணிக்கு நீங்கள் வந்துவிட்டீர்கள். வெளியே நல்ல மழை. கறுப்புக் கோட்டோடு ஒரு வயதானவர் உங்களுக்குப் பக்கத்தில் நின்றார்.

என் மனுசன் கண்டுவிட்டார். ஐந்தே கால் இருக்கும், என் காதுக்குள் சொன்னார், “அவையள் மழையிலை நிக்கினம். முடிப்பமோ?”

“உங்கட அக்கா ஆக்கள் இன்னும் படம் எடுக்கேல்லை” என்றேன் நான். “லண்டனிலையிருந்து வந்த சனம். அவையள் நிப்பினம், அவையளுக்குப் பழக்கம்தானே.”

அவையளுக்குப் பழக்கம்தானே! இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி அலுவலகத்துப் படிகளில் பனிக்குள் நின்றவள்தான் இதைச் சொன்னேன். முப்பது வருடம் முன்னால் வந்துவிட்டோம் என்ற கொழுப்பு, வேறொன்றுமில்லை. சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தேன். நீங்களும் என்னைப் பார்த்தீர்கள். வழக்கம் போலக் கையை உயர்த்தினீர்கள். நான் கமராப் பக்கம் திரும்பிச் சிரித்தேன். அந்தப் படத்தில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

பத்துக் குறைய ஆறுக்குத்தான் மண்டபம் உங்கள் கைக்கு வந்தது. போதகர் ஈரக் கோட்டைக் கழற்றாமலேயே நின்று ஒரு ஜெபம் செய்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார். ஞானஸ்நானத்துக்கு வைத்த தண்ணீர் கோப்பையிலேயே இருந்தது. நான் மிச்ச ரோல்ஸைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் தும்புத்தடியும் துணியும் எடுத்து வந்து, எங்கள் ஆட்கள் நிலத்தில் மிதித்த கேக் கிரீமை முழங்காலில் இருந்து துடைத்தீர்கள். ஏழு மணிக்கு மண்டபத்தைப் பூட்டுகிற சுவிஸ்காரர் வந்துவிட்டார்.

அந்த மூன்று பேரில் இரண்டு பேர் பிறகு வரவேயில்லை. ஹோட்டல் முதலாளியிடம் கெஞ்சி லீவு எடுத்து, மூன்று மணித்தியாலம் ரயிலில் வந்த பிள்ளைகள். போதகர் திரும்பி வரத் தோது வரவில்லை. ஒருமுறை அவருக்குச் சுகமில்லை, ஒருமுறை உங்களுக்கு. நேரத்தைப் பிழையாகச் சொன்னது இபுதான் என்று உங்கள் ஆட்களிடையே ஒரு கதை இருந்தது. என் காதுக்கும் வந்தது. நான் மறுக்கவில்லை. அடுத்த வருடம் யூலி சூக்கில் தனியே ஒரு இடம் பிடித்தாள். நீங்கள் வில்லிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பானையோடு ரயில் ஏறிப் போனீர்கள், நோய் உங்களைப் படுக்கையில் போடும்வரை.

ஆஸ்பத்திரிக்கு நான் இடியப்பமும் சொதியும் கொண்டு வந்தேன். நீங்கள் இரண்டு வாய்தான் சாப்பிட்டீர்கள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். உங்கள் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மலையைப் பற்றிக் கதைத்தேன், தாதிமார் நல்லவர்களோ என்று கேட்டேன். கதவடிவரை போய்த் திரும்பி நின்றேன். கண்ணை மூடிப் படுத்திருந்தீர்கள். நித்திரையோ என்னவோ. நான் போய்விட்டேன். போன சித்திரையில் உங்களை அடக்கம் செய்தார்கள். உங்கள் கூட்டம் அப்போதும் சபையாகியிருக்கவில்லை.

நேற்றுத்தான் ஆனது. அதே போதகர், இப்போது கைத்தடியோடு வந்தார். நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். யூலிதான் மூப்பர். எங்களுக்கு முதன்முதல் இடம் எடுத்துத் தந்த சகோதரி என்று சொல்லி, என்னை முன்னால் கூப்பிட்டாள். கை தட்டினார்கள். இனியும் வாயை மூடிக்கொண்டு நின்றால் நான் மனிசியே இல்லை என்று தோன்றியது. அன்றைக்கு நேரத்தைப் பிழையாகச் சொன்னது இபு இல்லை, மண்டபத்தை விடாமல் வைத்திருந்தது நான் என்று ஜெர்மனில் சொன்னேன். தெரிந்துகொண்டே செய்தேன் என்றும் சொன்னேன்.

யூலி அதைத் தங்கள் மொழியில் மாற்றிச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: “எங்களுக்குத் தெரியும். கண்ணாடிக் கதவுதானே. அண்டைக்குப் போதகர் போனவுடனை இபு எங்களைக் கூப்பிட்டுச் சொன்னவ, பிழை தன்ரை எண்டுதான் எல்லாரும் சொல்லவேணுமெண்டு. இல்லாட்டி அடுத்த கிழமை திறப்புத் தரேக்கை உங்களுக்கு எங்கட முகத்தைப் பாக்கக் கஷ்டமாயிருக்குமாம்.”

இருபத்திரண்டு பேர் நான்கு வருடமாக எனக்காக அந்தப் பொய்யைச் சுமந்திருக்கிறார்கள். அதன் பிறகு சாப்பாடு. முதல் தட்டை எனக்குத்தான் போட்டுத் தந்தார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சாப்பிட்டேன். எல்லாவற்றையும் சொல்லி இறக்கி வைத்துவிட்டாய் என்று வரும்போது ரயிலில் என் மனுசன் சொன்னார். நான் தலையாட்டினேன்.

ஆனால் எல்லாவற்றையும் நான் சொல்லவில்லை, இபு. ஒன்று உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். அந்த ஞாயிற்றுக்கு அடுத்த நாள், திங்கள், காலை ஏழு மணி. முதல் விரிப்பை எடுத்து ஆளுக்கொரு முனையைப் பிடித்தோம். நான் வாயைத் திறக்க முன்னமே நீங்கள் முந்திக்கொண்டீர்கள். போதகருக்கு நேரத்தை மாற்றிச் சொல்லிவிட்டேன், என் பிழைதான், உங்கள் கொண்டாட்டத்துக்கும் இடைஞ்சலாகிவிட்டது என்றீர்கள். எனக்கு வழி விட்டு, அதைப் பிடித்துக்கொண்டு நான் உண்மையைச் சொல்வேனா என்று ஒரு நிமிடம் பார்த்து நின்றீர்கள். விரிப்பின் நடுவில் உங்கள் கையும் என் கையும் தொட்டன.

“பரவாயில்லை, இபு” என்று சொல்லி நான் உங்களை மன்னித்தேன்.