காற்று வராத சரிவு

ஸெரிக், ஜெர்மனி
பிப்ரவரி 9

அன்புள்ள ஹலினாவுக்கு,

உன் முழங்கால் வலி எப்படியிருக்கிறது? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

எங்கள் திராட்சைத் தோட்டச் சரிவில் ஓயாமல் அடிக்கும் குளிர்காற்றுதான் ஒயினுக்கு நாக்கைச் சுண்டும் புளிப்பைத் தருகிறது. போன அறுவடையின் ஒயினில் அது குறைவு. முதலாளி வின்ஃப்ரீட் என்னைச் சந்தேகப்பட்டார்.

"கீழ்த் தோட்டத்துப் பழத்தக் கலந்துட்டியா லெஷெக்?"

"பன்னெண்டு வருஷமா இல்லாம இப்ப எதுக்குங்க கலக்கப்போறேன்?"

என்னிடமிருந்த ஒயின் நிலவறைச் சாவியை வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை மேல் வரிசையில் கொடி வெட்டினேன். அங்கே எப்போதும் தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். அன்று அது அசையவே இல்லை. திரும்பிப் பார்த்தேன். காயப்போட்ட துணி பறக்கிறது என்று தன் மனைவி சொன்னதற்காக முதலாளியே சில வருடங்களுக்கு முன் நட்ட ஊசியிலை மரங்கள், காற்றை மறித்துச் சுவர் மாதிரி வளர்ந்து நின்றன.

அவரைக் கூட்டிவந்து அதே இடத்தில் நிறுத்தினேன். தொப்பியிலிருந்து கையை எடுத்தார். மரங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"எம் பொண்டாட்டிகிட்ட நீ ஒண்ணும் சொல்லிக்காத."

இன்று காலை மரங்களை வெட்டியாயிற்று. வந்த காற்றில் என் தொப்பி ஆற்றுக்கே போய்விட்டது. தாடையில் கட்டிக்கொள்ள நாடா வைத்து, நீயே ஒன்று பின்னி அனுப்பு. கடையில் வாங்காதே.

தபால் வண்டி வந்துவிட்டது, நிறுத்துகிறேன். சாவியை அவர் இன்னும் திருப்பித் தரவில்லை.

உன்
லெஷெக்