திருநீற்று டின்

காஜா பேராங், மலாக்கா
செப்டம்பர் 1957

மரகதத்தின் அப்பாவுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிள்ளை நன்றாக இருக்கிறாள். இப்போதுதான் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை மறுபடி வயிற்றுவலி. அவள் ரத்த அணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துகொள்ளும் அந்த நோய்தான் என்று நினைத்து, எப்போதும்போல வயிற்றில் திருநீறு பூசி, வாயிலும் ஒரு சிட்டிகை போட்டேன். "இது அந்த வலி இல்லம்மா" என்று அழுதாள். நான் கேட்கவில்லை. வயிறு கல்லாகிப் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

தமிழ் டாக்டர். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். "பாப்பா, அம்மாவுக்குத் தெரியாம என்னா தின்னே?"

"திருநீறு. நல்லா இருக்கும் டாக்டர்."

நான் போட்ட சிட்டிகையில் ருசி கண்டு, சாமி மாடத்து டின்னையே காலி செய்திருக்கிறாள்! ரத்தம் குறைந்த பிள்ளைகளுக்கு மண், சாம்பல் மேல் ஆசை வருமாம். குடல் அடைத்துப் போயிருந்தது. எனிமா கொடுத்தார்கள், வலி போயிற்று. வீட்டுக்கு வந்து டின்னைத் திறந்து பார்த்து, சிரித்துக்கொண்டே அழுதேன்.

பழைய நோய் போகவில்லை. அது இருக்கும்.

அவள் அலறலைக் கேட்க முடியாமல்தான் கப்பலேறினீர்கள் என்று யாரிடமும் நான் சொல்லவில்லை. பழனிக்கு நேர்த்திக்கடன் என்றே சொல்லி வருகிறேன். போன மாதம் மலாயா சுதந்திர நாளுக்கு வாசலில் கட்டிய தோரணத்தை அவிழ்க்க விடமாட்டேன் என்கிறாள், அப்பா பார்க்கவேண்டுமாம்.

வந்துவிடுங்கள். பஞ்சாமிர்தம் கொண்டு வாருங்கள். திருநீறு மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
டின்னை உயரத்தில் ஏற்றி வைத்திருக்கும் உங்கள் மனைவி