அப்பாவின் துப்பாக்கி போய்விட்டது

தம்பிக்கு,

அப்பா இறந்ததும் கிள்ளான் போலீசில் ஒப்படைத்த கைத்துப்பாக்கியை, முறைப்படி அனுமதி வாங்கி, கோலாலம்பூரில் லைசென்ஸ் உள்ள ஒரு கடைக்காரரிடம் விற்றுவிட்டேன். நியாயமான விலைதான். பக்கத்து ஊர் மேருவில் இருக்கும் உன் கூட்டாளி ரகசியமாக இரண்டு மடங்கு தருவான் என்று நீ சொன்னபோதே எனக்கு அருவருப்பாகிவிட்டது. அதை வாங்கி அவன் என்ன செய்வான் என்று நீ யோசிக்கவே இல்லை.

கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு கீறல்கூட இல்ல லா, மேடம். உங்கப்பா குழந்தை மாதிரி பார்த்துக்கிட்டிருக்காரு," என்றார்.

குழந்தைகள் என்று நாம் இருவர் இருந்தோம்.

துப்பாக்கியின் எண்ணெய் வாடை என் மூக்கில் பட்டது. ஞாயிறுதோறும் அப்பா அம்மாவை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு அதைத் துடைக்கும்போது வரும் அதே வாடை. நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். அவர் துடைத்து முடிக்கும்வரை அம்மா அசையக் கூடாது. கடையை விட்டு வெளியே வந்து, சாக்கடையோரம் வாந்தி எடுத்தேன்.

வீட்டில் அம்மா விலையைக் கேட்கவில்லை. "திரும்பக் கொண்டாந்து குடுத்துட மாட்டாங்கல்ல?" என்றுதான் கேட்டார்.

"மாட்டாங்கம்மா."

பிறகு ஹாலில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தைக் கழற்றச் சொன்னார். கழற்றிவிட்டேன்.

படம் உனக்கு வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொண்டு போ.

அக்கா