நாகர்கோவிலில் வெயில் காய்ந்தேன்

மே மாதம், ஞாயிறு இரவு.

ஜெர்மனிக்கு வேலைக்குப் போன மகள் மூன்று வருடமாக வரவில்லை. நேற்று ஒரு பூங்காப் படம் அனுப்பினாள். குளிர் விட்டு வெயில் வந்துவிட்டதாம். ஊரே புல்லில் மல்லாந்து கிடக்கிறது, இவளும்தான்.

ஒரே சூரியன்தானே என்று இன்று மதியம் நானும் நாகர்கோவில் பூங்காவுக்குப் போனேன். குடையை மடக்கி வைத்துவிட்டுப் புல்லில் படுத்தேன். கண்ணை மூடினால் அவள் பக்கத்தில் கிடப்பது மாதிரியே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் முகத்தில் தண்ணீர் விழுந்தது. வாட்ச்மேன் பாட்டிலோடு நிற்கிறார்.

“ஓய் அண்ணாச்சி, மயக்கமா, போதையா?”

“சும்மா வெயில் காயுதேன்.”

“வெயில்ல காயதுக்கு நீரு என்ன கருவாடா ஓய்? எழும்பி நிழலுக்கு வாரும்.”

ராத்திரி வீடியோவில் மகளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

“நான் வந்ததும் ரெண்டு பேருமா படுப்போம்ப்பா. அப்ப யாரும் தண்ணி ஊத்தமாட்டாவ.”

“எப்ப மக்ளே வருவ?”

சிரிப்பு நின்றது.

“இங்க பாருங்கப்பா, சாயங்காலம் ஆகியும் எப்படி வெயில் அடிக்குன்னு” என்று போனை அந்தப் பக்கம் திருப்பினாள்.

அவள் முகம் போய்ப் புல் வந்தது.

நல்ல வெயில்தான் என்று சொன்னேன்.