கல்லுக்கு இட்ட பட்டை

அடையாறு,
6.10.2025, திங்கள்

அன்புள்ள அனுப்ரியா அக்காவுக்கு,

இன்று பெருக்கும்போது உங்கள் கணினித் திரையில் வரைபடத்தின் வலது கோடியில் ஊசி போல நிற்கும் ஒரு கோடு உயர்ந்திருப்பதைப் பார்த்தேன். போன வாரம் அது பக்கத்து ஊசியைவிடக் குட்டையாக இருந்தது. உங்கள் டிபன் டப்பாவும் திறக்காமலே கிடந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. நேரில் கேட்க வாய் வரவில்லை. அதனால் இதைக் கீபோர்டுக்கு அடியில் வைக்கிறேன். சாப்பிடுங்கள் அக்கா.

பணிவுடன்,
கயல் (ஹவுஸ்கீப்பிங்)

7.10.2025

அன்புக் கயலுக்கு,

ஒரு வருடமாக என் அறையைப் பெருக்குகிறாய், ஒரு வார்த்தை பேசியதில்லை. கடிதத்தில் மட்டும் இவ்வளவு பேச்சா! ஆனால் கெட்டிக்காரக் கண் உனக்கு.

ஈயப் பெட்டிக்குள் இருக்கும் அந்த எலுமிச்சம்பழ அளவுக் கல், போன மாதம் வானத்திலிருந்து விழுந்தது. விண்வெளியில் சுற்றிய காலமெல்லாம் காஸ்மிக் கதிர்கள் அதைத் துளைத்து, உள்ளே பலவகைக் கதிரியக்கத்தை உண்டாக்கியிருக்கின்றன. ஒவ்வொரு ஊசியும் ஒரு வகை. ஒன்று பதினாறே நாளில் பாதியாகிவிடும். இன்னொன்றுக்கு வருடக்கணக்கில் ஆகும். சீக்கிரம் கரைவது, கல் பூமியை நெருங்கியபோது கதிர்கள் எவ்வளவு என்று சொல்லும். மெதுவாகக் கரைவது, அதற்கு முன் செவ்வாய்க்கு அப்பால் அலைந்த நாட்களையும் சேர்த்துச் சொல்லும். அதனால்தான் இந்த அவசரம்.

நீ பார்த்த ஊசி பொட்டாசியம். ஆயுத பூஜைக்குப் பிறகு கூடியிருக்கிறது. ஏதோ உள்ளே போயிருக்கிறது. அது என்னவென்று தெரியாவிட்டால் அதன்பின் அளந்த எதையும் நம்ப முடியாது. பெட்டிச் சாவி டெக்னீஷியன் துரைராஜ் அண்ணனிடம் மட்டும்தான். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நம் ஆய்வகத் தலைவர் சாய்நாத் சார் அவரை விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார். அவர் வேலையே போகலாம். அதுவரை பெட்டியைத் திறக்கக் கூடாதாம். இந்த நேரத்தில் அப்பா வேறு, தீபாவளிக் கூட்டம், தி.நகர் கடைக்கு வந்து உட்கார் என்கிறார். எப்படிச் சாப்பிடுவது?

உன்
அனுப்ரியா

8.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பேருந்திலேயே பெரும்பாக்கம் வருவதற்குள் நான்கு முறை படித்தேன். உள்ளே போனது திருநீறு. போட்டது நான்.

பூஜை அன்று எல்லா மெஷினுக்கும் என்னைப் பொட்டு வைக்கச் சொன்னார்கள். துரைராஜ் அண்ணன் கல்லைத் திருப்பி வைக்க மூடியைத் திறந்திருந்தார். பொரி கொடுக்கிறார்கள் என்று யாரோ கூப்பிட்டார்கள். "கயலு, இங்கயே நில்லு, தோ வந்துர்றேன்" என்று போனார். எல்லாவற்றுக்கும் பொட்டு இருந்தது. அவ்வளவு தூரம் தனியாக வந்த கல்லுக்கு மட்டும் இல்லை. திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து, அது இருந்த பையின்மேல் தடிமனாக மூன்று பட்டை போட்டேன். வெள்ளைப் பையில் ஈரப்பட்டை கண்ணில் படவில்லை. அண்ணன் வந்து மூடிவிட்டார்.

அம்மாவிடம் சொன்னேன். "வாயத் தொறக்காத. ஆத்தங்கரைக் குடிசைய இடிச்சு இங்க தூக்கிப் போட்டப்பவே உன் இஸ்கூலு போச்சு. இப்ப வேலையும் போனா இன்னா பண்ணுவ?" என்றாள்.

இன்று துரைராஜ் அண்ணன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அவருக்கு இரண்டு பெண்கள். பாதி டீயைக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

மன்னிப்புக் கேட்கவும் பயந்து,
கயல்

9.10.2025

கயல்,

கோபமாக இருக்கிறேன். அன்பாக எழுத வரவில்லை. எட்டு நாள் போய்விட்டது. அந்தப் பதினாறு நாள் ஊசியில் கால்பங்குக்கு மேல் கரைந்துபோய்விட்டது, திரும்பக் கிடைக்காது.

திருநீறு என்று தெரிந்ததால் ஒரு வழி இருக்கிறது. சாம்பலில் பொட்டாசியம் உண்டு. அதே திருநீற்றைத் தனியாக அளந்து, கல்லின் கணக்கிலிருந்து கழித்துவிடலாம். மிச்சம் இருந்தால் எடுத்து வா.

உன் கடிதத்தை சாரிடம் காட்ட அவர் அறை வரைக்கும் போனேன். காட்டாமல் திரும்பிவிட்டேன். அது எனக்கு எழுதியது. இன்று மாலை ரயிலில் பெங்களூரு போகிறேன், அங்கே ஒரு ஆய்வகத்தில் திருநீற்றை அளக்க இன்னொரு கருவி கேட்க. நாளை பதினொரு மணிக்கு நான் இருக்க மாட்டேன். நீ சொல்லாவிட்டால் திங்கட்கிழமை நான் சொல்வேன். ஆனால் நீயே சொல்வது வேறு.

அனுப்ரியா

10.10.2025, மதியம்

அன்புள்ள அக்காவுக்கு,

பதினொரு மணிக்கு சார் அறை வாசலில் நின்றேன். உள்ளே அண்ணன் குரல் கேட்டது. "சத்தியமா எனக்குத் தெரியாது சார்." இரண்டு முறை தட்டக் கையைத் தூக்கி இறக்கிவிட்டேன். அப்புறம் தட்டினேன்.

"பெருக்கறதெல்லாம் அப்புறம்மா" என்றார் சார்.

மிச்சத் திருநீற்றுப் பொட்டலத்தை மேசையில் வைத்தேன். "நான்தான் சார். கல்லுக்குத் துன்னூறு போட்டேன்."

அண்ணன் என்னையே பார்த்தார். "ஏன் கயலு, நாலு நாளா நான் பேயறைஞ்ச மாதிரி சுத்திக்கினு கீறேன், இப்பதான் உனக்கு வாய் வந்துச்சா?" திட்டினாரா, சிரித்தாரா, தெரியவில்லை. கண் கலங்கியிருந்தது.

சார் அவரிடம், "போய் வேலையப் பாருய்யா" என்றார். என்னைப் பற்றிக் காண்ட்ராக்டருக்குப் போன் செய்தார். திங்கட்கிழமை நான் வரலாமா என்று அவர்தான் சொல்வாராம்.

பிறகு பெட்டியைத் திறக்கச் சொன்னார். அண்ணன் துடைக்கத் துணியை எடுத்தார். "தொடாதய்யா! எவ்வளவு போட்டாள்னு தெரியாம எதைக் கழிக்கறது?" என்று சார் கத்தினார். அதேபோல் ஒரு காலிப் பையை எடை போட்டு என் முன்னால் வைத்தார். "அன்னிக்கு எப்படிப் போட்டியோ அப்படியே இதுல போடு. கூடவும் வேணாம், குறையவும் வேணாம். மறுபடி எடை போட்டா எவ்வளவுன்னு தெரிஞ்சுடும்."

அண்ணன் பையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். நான் திருநீற்றைக் குழைத்து, மூன்று பட்டையும் போட்டேன்.

கயல்