சக்கரத்தில் ஏறிய வீடு

பிளம் கிரீக், ஓஹியோ
1840, செப்டம்பர் 3

நம் வீட்டோடு எந்தச் சாலையிலோ போய்க்கொண்டிருக்கும் என் அன்புக் கணவர் ஜாரெடுக்கு, உங்கள் மனைவி கெசியா எழுதுவது. நானும் நம் மகள் லவீனியாவும் ஆண்டவர் அருளால் சுகமாக இருக்கிறோம். உங்கள் தொடையில் தங்கிவிட்ட குண்டு மழை நாட்களில் வலி கொடுக்காமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். இதை எந்த முகவரிக்குப் போடுவது என்று தெரியாமல் விழித்தேன். அடுத்த கூட்டம் நடக்கிற ஊரில் உங்கள் விக் கட்சிக் கமிட்டிக்கு அனுப்பினால் கைக்கு வரும் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள். புருஷனுக்கு எழுதும் கடிதத்தைக் கட்சிக்கு அனுப்பும் முதல் பெண் நானாகத்தான் இருப்பேன்.

நாங்கள் இன்னும் பக்கத்து ரஃப்னர் வீட்டு நெசவுக் கொட்டகையில்தான் இருக்கிறோம். தறியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் படுக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆடம் ரஃப்னர் உங்கள் எதிர்க்கட்சி என்பது உங்களுக்குத் தெரியும். அவர் வீட்டுக் கூரையின் கீழ் இருந்துகொண்டுதான் உங்கள் ஜெனரல் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயிக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தினமும் காலையில் சோளக் களியை வாயில் வைத்துக்கொண்டே, “என்ன கெசியாம்மா, ஓட்டு கேக்கப் போன வீடு சௌக்கியமா? கடுதாசி ஏதாச்சும் போட்டுச்சா?” என்று கேட்கிறார். “வாய மூடிக்கிட்டுத் தின்னுங்க, அவளே நொந்து போயிருக்கா,” என்று அவர் மனைவி பெட்ஸி அதட்டுவாள். அவள் அதட்டுவதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது.

நடந்ததை நினைத்தால் இன்னும் நம்ப முடியவில்லை. கிழட்டு ஜெனரலுக்கு ஒரு பீப்பாய் ஆப்பிள் கள்ளும் கொஞ்சம் பென்ஷனும் கொடுத்துவிட்டால் மரக்குடிசையில் உட்கார்ந்தே காலத்தைத் தள்ளிவிடுவார் என்று எதிர்க்கட்சிப் பத்திரிகைக்காரன் ஒருவன் எழுதப்போக, உங்கள் ஆட்கள் அந்த ஏச்சையே கொடியாகத் தூக்கிக்கொண்டார்கள். ஊருக்கு ஊர் புதிதாகக் குடிசை கட்டினார்கள். உங்கள் கட்சி வக்கீல் ஹாஸ்கெலுக்கு மட்டும் புதிது போதவில்லை. புகை படிந்தது வேண்டும், ஆள் வாழ்ந்தது வேண்டும். “ஜாரெட் அண்ணே, ஜெனரலோட நின்னு சண்ட போட்டவரு நீங்க. உங்க குடிசைய விட அசல் குடிசை இந்த ஜில்லாவுல எங்க இருக்கு?” என்று அவர் கேட்டார். நான் பசுவைக் கறந்துவிட்டு வருவதற்குள் நீங்கள் சரி என்று சொல்லியிருந்தீர்கள். வீட்டை அப்படியே வண்டியில் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப் போய்விட்டீர்கள். ஜெனரலோ ஆற்றங்கரையில் பெரிய வீட்டில் இருக்கிறார். அவரைக் குடிசைக்காரர் என்று காட்டுவதற்காக, குடிசையில் குடியிருந்தவளை வெளியே நிறுத்திவிட்டீர்கள்.

உறைபனிக்கு முன்பே நல்ல பலகை வீடு கட்டித் தருவதாக வக்கீல் உங்கள் கையைப் பிடித்துச் சொன்னார். மர ஆலைக்கு நானே நடந்து போய்க் கேட்டேன். உங்கள் பெயரில் யாரும் பலகை அறுக்கச் சொல்லவில்லையாம்.

கூட்டங்களில் நீங்கள் பேசுவதைப் பத்திரிகையில் லவீனியா உரக்கப் படித்துக் காட்டுகிறாள். சண்டைக்கு முந்தின நாள் ஜெனரல் உங்கள் தோளைத் தட்டிவிட்டுப் போனார் என்றுதான் கல்யாணமான புதிதில் என்னிடம் சொன்னீர்கள். ஜூலையில் அவர் தன் ரொட்டியில் பாதியைப் பிட்டுக் கொடுத்தார். ஆகஸ்டில் மேலங்கியைக் கழற்றிப் போர்த்தினார். இப்படியே போனால் தேர்தல் நெருங்கும்போது தன் குதிரையையும் கொடுத்துவிட்டு நடந்தே வீடு திரும்புவார் போலிருக்கிறது.

கேலி செய்கிறேன் என்று வருத்தப்படாதீர்கள். தோளைத் தட்டியது மட்டுமே எனக்குப் போதுமானதாக இருந்தது. சோளம் முற்றிவிட்டது, ஒடிக்க ஆள் இல்லை. குளிர் வருவதற்குள் வந்துவிடுங்கள்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
கெசியா

பிளம் கிரீக்
1840, அக்டோபர் 12

அன்புள்ள ஜாரெட்,

சனிக்கிழமை நடந்த பெரிய கூட்டத்துக்கு நான் வந்திருந்தேன். அது உங்களுக்குத் தெரியும். தெரியாதது போல நீங்கள் இருந்தீர்கள், அதனால் எழுதுகிறேன்.

பெட்ஸியின் நல்ல தொப்பியைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு, லவீனியாவோடு வண்டியில் வந்தேன். அவ்வளவு ஜனத்தை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. வாத்தியக்காரர்கள், வெள்ளை உடுப்பில் மாநிலத்துக்கு ஒரு பெண்ணாகக் கொடி பிடித்த பெண்கள், கள் குடித்து வேலியில் தொங்கிய ஆண்கள். நடுவில் காளைகள் பூட்டிய வண்டிமேல் நம் வீடு நின்றது. கூரையில் உங்கள் கட்சி அடையாளம் என்று ஒரு ரக்கூனைச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். அது பயந்துபோய் புகைபோக்கியைக் கட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே போகிறவர்கள் வரிசையில் நிற்க வேண்டும் என்றார்கள். என் வீட்டுக்குள் போக நான் வரிசையில் நின்றேன். வாசலில் சிவப்பு நாடா கட்டிய ஓர் இளைஞர், ஜெனரல் இதில்தான் பிறந்தார் என்று எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும், “தம்பி, இது என் வீடு,” என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்து, “கேட்டீங்களா, இது தன் வீடுங்குறாங்க இந்த அம்மா. நம்ம எல்லாருக்குமே இது நம்ம வீடுதான்,” என்று கத்தினார். எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றி என்னை வணங்கினார். உண்மையைச் சொல்லி அவ்வளவு கைதட்டல் வாங்கியவள் வேறொருத்தி இந்த மாநிலத்திலேயே இருக்க மாட்டாள். எனக்கு அந்த இடத்திலேயே விழுந்து அழ வேண்டும் போல இருந்தது.

உள்ளே போய்த்தான் விஷயம் புரிந்தது. வண்டிக்கு ஏற்றபடி மரத் தடிகளை அறுத்துக் குட்டையாக்கிவிட்டீர்கள். நம் கட்டில் கிடந்த பக்கமே இல்லை. மீதியிருந்த தடிகளிலும் ஜனங்கள் நினைவுக்கென்று கத்தியால் சீவி எடுத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தாலும் இது இனி வீடு இல்லை என்று தெரிந்துகொண்டேதான் எனக்கு “சீக்கிரம் கொண்டு வருகிறேன்” என்று எழுதினீர்கள். என்னிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆள் நீங்கள், ஜாரெட். அதுதான் தாங்க முடியவில்லை.

நான் வெளியே வந்தபோது நீங்கள் படியில் துப்பாக்கியோடு நின்று பேசிக்கொண்டிருந்தீர்கள். விடியும் முன் மழையில் செவ்விந்தியர்கள் பாய்ந்ததையும், ஜெனரல் குதிரைமேல் வரிசை வரிசையாகப் போய் ஆட்களைத் தாங்கிப் பிடித்ததையும் சொன்னபோது எனக்கே புல்லரித்தது. நீங்கள் நன்றாகத்தான் பேசுகிறீர்கள். ஆனால் மறுநாள் அவர்களுடைய ஊருக்குள் போனதை மட்டும் சொல்லவில்லை. ஆளில்லாத ஊரை ஜெனரல் கொளுத்தச் சொன்னது, அவர்கள் குளிர்காலத்துக்குச் சேர்த்துவைத்த சோளத்தை எரித்தது, அந்தப் புகையிலேயே நீங்கள் ஆற்றோரமாக நடந்தது. எனக்கு ஒரே ஒரு தடவை சொன்னீர்கள். சுட்ட சோளம் இன்றுவரை நீங்கள் தொடுவதில்லை. கைதட்டும் கூட்டத்துக்கு அதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டீர்கள் போலும். வீட்டை இழந்து குளிரில் நின்ற பெண்கள் அந்தப் பக்கமும் இருந்திருப்பார்கள் என்று வண்டியில் திரும்பும்போது நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, வாசலில் மாட்டியிருந்த ஜெனரலின் படத்தைப் பார்த்துத் தொடர்ந்து பேசினீர்கள். “அப்பா நம்மளக் கவனிக்கல போலம்மா,” என்று லவீனியா சொன்னாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் குழந்தைக்காகவாவது ஒரு தடவை வந்து போங்கள். திட்ட மாட்டேன். திட்ட வேண்டியதை எழுதித் தீர்த்துவிட்டேன்.

கெசியா

பிளம் கிரீக்
1841, ஏப்ரல் 16

என் அன்புள்ள ஜாரெட்,

நேற்று மதியம் தேவாலய மணி அடிக்க ஆரம்பித்து நிற்கவே இல்லை. தீப்பிடித்ததாக்கும் என்று எல்லாரும் வாளியோடு ஓடினோம். தபால் வண்டிக்காரர் கையில் கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு நின்றார். உங்கள் ஜெனரல் இறந்துவிட்டார் என்றார்.

ஆடம் ரஃப்னர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வந்தபோது, தேர்தல் வெற்றிக் கொண்டாட்டத்தில் நம் வீட்டைக் கொளுத்திவிட்டார்கள் என்று அவர் முன்னால் சொல்ல முடியாமல் சொன்னீர்களே, அன்றும் அவர் இப்படித்தான் நின்றார். நேற்று அவர் என்னிடம் சொன்னது இதுதான்: “நா அவருக்கு ஓட்டுப் போடல. போட்டவன் இன்னைக்கு என்ன பாடு படுவானோ. ஜாரெடுக்கு எழுது கெசியா, ஒடனே எழுது.”

நானும் அழுதேன். அவருக்காகவா, உங்களுக்காகவா என்று எனக்கே தெரியவில்லை. இருபதாவது வயதில் தோளைத் தட்டிய ஒரு கைக்காக ஆயுள் முழுக்க நின்றவர் நீங்கள். அந்தக் கை போய்விட்டது என்பதை அந்நிய ஊரில் தனியாகக் கேட்டிருப்பீர்கள். பக்கத்தில் நான் இல்லையே என்றுதான் முதலில் தோன்றியது.

தலைநகரிலிருந்து நீங்கள் அனுப்பிய கடைசிக் கடிதம் மார்ச் நடுவில் வந்தது. அதை உங்களோடு விடுதியில் தங்கியிருப்பவர் எழுதியிருந்தார். பதவியேற்பு நாளில் ஜெனரல் கடும் குளிரில் மேலங்கியும் தொப்பியும் இல்லாமல் மணிக்கணக்கில் பேசினார், நீங்களும் அவருடைய பழைய வீரன் என்று தொப்பியைக் கழற்றிவிட்டுக் கடைசிவரை நின்றீர்கள், அன்றிலிருந்து கொஞ்சம் இருமல், உங்கள் கை நடுங்குவதால் உங்களுக்காகத் தான் எழுதுவதாகச் சொல்லியிருந்தார். தபால் நிலைய உத்தியோகம் கேட்டு ஜனாதிபதி மாளிகை வாசலில் தினமும் நிற்கிறீர்களாம். கூட்டத்தில் ஜெனரலை நெருங்கவே முடியவில்லையாம். அதற்குப் பிறகு ஒரு கடிதமும் இல்லை. வக்கீல் ஹாஸ்கெல் உங்களோடு போனவர், எப்போதோ திரும்பி வந்துவிட்டார். உங்களைப் பற்றிக் கேட்டதற்கு, “கொஞ்சம் சளி, நல்லாத்தான் இருந்தாரு,” என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஜெனரலுக்கும் சளி என்றுதான் முதலில் சொன்னார்களாம். பத்திரிகையில் அந்த இடம் வந்ததும் லவீனியா படிப்பதை நிறுத்திவிட்டாள்.

வீட்டு விஷயம் சொல்ல வேண்டும். பனி உருகியதும் ஆடம் ரஃப்னர் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார். உங்கள் கட்சி, அவர் கட்சி என்று பார்க்காமல் எல்லாரும் கோடரியோடு வந்தார்கள். ஆண்கள் தடி ஏற்ற, பெண்கள் சமைக்க, பழைய இடத்திலேயே சுவர் எழுப்பிவிட்டோம். கூரையும் முடிந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் கட்டியதால் வீடு கொஞ்சம் அவர்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று நான் சொன்னதற்கு ஆடம் சிரித்துச் சிரித்து ஏணியிலிருந்து விழப் பார்த்தார். அன்றைக்கு நீங்கள் இருந்திருக்க வேண்டும்.

உத்தியோகம் வேண்டாம், ஜாரெட். இப்போது யாரிடம் கேட்பீர்கள்? உங்கள் பெயர் தெரிந்த ஒரே ஆள் போய்விட்டார். வெறுங்கையோடு வருவதற்கு வெட்கப்படாதீர்கள். இங்கே யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஆடம்கூடக் கேட்க மாட்டார், நான் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

ஜெனரலுக்கு அந்தப் பெரிய வெள்ளை வீட்டில் ஒரு மாதம்தான் கிடைத்தது. நமக்கு இந்தச் சாய்ந்த வீட்டில் எவ்வளவு கிடைக்குமோ, அதை முழுதாக வாங்கிக்கொள்ள ஆசைப்படுகிறேன். நடக்க முடியாவிட்டால் படுத்துக்கொண்டே வாருங்கள். வண்டி வைத்து அழைத்துவர ஆடம் தயாராக இருக்கிறார், நானும் ஏறிக்கொள்வேன்.

பதில் எழுதுங்கள். ஒரு வரி போதும். வேறு யார் கையாலும் வேண்டாம், உங்கள் கையால். எழுத்து எவ்வளவு நடுங்கியிருந்தாலும் நான் படித்துக்கொள்வேன்.

ஆண்டவர் உங்களை என்னிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் மனைவி,
கெசியா