ஆவுடையாள் கேட்ட தாழ்ந்த கேரியர்

குன்று ஓர் எல்லையும் கடல் ஓர் எல்லையுமாக விரிந்த மேழகிரி நாட்டுக்கு உடையவர், மூங்கிற்கொடி உயர்த்தவர், முப்பத்தாறு வளைவு மலைப்பாதைக்குக் கல் பாவித் தந்த குலத்தில் வந்தவர், வெண்கடம்பூர் அரியணையில் பதினான்காம் ஆண்டு வீற்றிருக்கும் மாமன்னர் குன்றுடை மாராயர், தென்கரை மண்டலத் தலைவர் ஏனாதி வயிரமேகனாருக்கு எழுதுவித்த ஓலை. உமது உப்பளங்களுக்கு வெயில் குறையாதிருக்க. உமது துறைகளில் கலங்கள் சேதமின்றி அணைக. உம் இல்லத்தார் நோய்நொடியின்றி வாழ்க. வாழ்த்து இவ்வளவில் நிற்க. மன்னர் நேற்று முதல் கொதித்துப் போயிருக்கிறார். இருக்கையில் அமராமல் உலாவியபடியே அவர் சொன்னவற்றை ஓலைநாயகம் சிற்றம்பலவன் ஒரு சொல்லும் தணிக்காமல் எழுதியது.

நீர் விடுத்த ஓலை நேற்று முற்பகலில் வந்து சேர்ந்தது. ஓலைத்தூதர் படையைச் சேர்ந்த ஆவுடையாள் என்பவள் அரச ஓலைப் பேழையை மலைப்பாதையில் மண்ணில் விழவிட்டாள் என்றும், அரசன் சொல் மண்ணில் படலாகாது என்ற முறைப்படி வரும் பௌர்ணமியன்று அவளது வெள்ளி இலச்சினையைப் பறித்து நாட்டெல்லைக்கு அப்பால் துரத்தத் தீர்ப்பளித்திருப்பதாகவும், அதற்கு மன்னரின் இசைவு வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தீர். அதோடு விடவில்லை. அவளைக் கண்டெடுத்த வேளையில் அரச ஓலைகள் அவளது வயிற்றின்மேல் பரப்பப்பட்டிருந்தன என்றும், வேறு சில என்ஜின்மீது கிடந்தன என்றும் சேர்த்து, ஒரு குற்றத்தை மூன்றாக்கியிருந்தீர். அவள் கால் முறிந்து கிடப்பதைப் பற்றி மட்டும், நடக்க இயலாமையால் கட்டிலிலேயே காவல் என்று ஒரே வரி. அந்த வரியை மன்னர் மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

ஆவுடையாள் யாரென்று நீர் அறியாதிருக்கலாம். குதிரைகளுக்கு ஓய்வு கொடுத்து மோட்டார் சைக்கிள்களை இறக்கிய பெரிய மன்னர் காலத்திலேயே அவளது தந்தை தூதர் படையில் இருந்தார். அவள் சேர்ந்து பதினோராண்டு ஆகிறது. ஆண்டுக்கொரு முறை நாடு முழுவதையும் நாற்பது நாளில் சுற்றி, ஊரூராக ஓலை சேர்த்துத் திரும்புவது அவள் பணி. கைநீளத்துக்கு ஓலைப் பேழை, கூடாரத்துணி, பெட்ரோல் கேன், ஸ்பானர் பை, இரண்டு டியூப், சமைக்க ஒரு பாத்திரம் ஆகிய அத்தனையும் வண்டியின் பின்புறத்தில்தான் வர வேண்டும். கேரியர் சரியில்லையென்றால் நாற்பது நாளும் நரகம் என்பது அந்த வண்டியில் ஏறியவர்களுக்கே தெரியும். ஏறாதவர்கள்தாம் இவ்விஷயத்தில் அதிகம் பேசினார்கள்.

இவ்வாண்டுப் பயணத்துக்கு முன் பழைய கேரியரின் பற்றவைப்பு விட்டுப்போனதால், புதியது ஒன்று வேண்டுமென்று அவள் முறைப்படி விண்ணப்பித்தாள். வெறும் விண்ணப்பமாகவும் அனுப்பவில்லை. கோட்டை வாயிலில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் மாயழகுவோடு மூன்று நாள் உட்கார்ந்து, எது வேண்டும் என்பதைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து பார்த்த பின்பே எழுதினாள். இரும்புக் குழாயால் ஆனதாக இருக்க வேண்டும். சீட்டின் மட்டத்துக்கு மேலே எழக் கூடாது. பின்சக்கர அச்சைத் தாண்டி ஒரு சாணுக்கு மேல் நீளக் கூடாது. தகட்டு மட்கார்டில் தொங்காமல் வண்டிச் சட்டத்தில் நான்கு இடத்தில் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். கயிறு கட்ட மூலைக்கொரு கொக்கி வேண்டும். கனமான பைகள் இருபுறமும் தாழத் தொங்க வளையம் வேண்டும். இவ்வளவே அவள் கேட்டது. பொன்னா கேட்டாள், பொருளா கேட்டாள் என்று மன்னர் நேற்று அவையில் கேட்டார்.

அந்த மாயழகுவை மன்னர் நேற்றே அழைத்து விசாரித்தார். அவன் சொன்னது சொன்னபடியே இங்கு எழுதப்படுகிறது. “சாமி, பாரம் சீட்டோட ஒட்டி, தாழ இருக்கணும். பின்னால போகப் போக முன்வீல் லேசாயிடும், ஏத்தத்துல ஹேண்டில் பேச்சு கேக்காது. மேல போகப் போக, வளைவுல வண்டி ஒரு பக்கம் சாயும், பாரம் ஒரு பக்கம் இழுக்கும். அந்தம்மாவுக்கு இதெல்லாம் தெரியும். அவங்க சொன்னபடி செஞ்சு, கறுப்பு பெயின்டும் அடிச்சு பட்டறைச் சுவத்துல மாட்டி வச்சிருக்கேன். யாரும் வந்து எடுத்துக்கிட்டுப் போகல.”

எடுத்துப் போகாததற்குக் காரணம் அரண்மனை மரபுநாயகம் மழவராயர். யானைமேல் ஓலை சென்ற காலத்தில் பேழை பாகனின் தலைக்கு மேலே இருந்தது. ஆதலால் மோட்டார் சைக்கிளிலும் அரசன் சொல் குடிமகள் தலைக்குத் தாழக் கூடாது. சீட்டின் மட்டத்தில் அதை வைப்பது அவள் இடுப்புக்கு இணையாக அரசனை வைப்பதாகும் என்று அவர் விதித்தார். விதித்ததோடு, சீட்டுக்கு மேல் நான்கு சாண் உயரத்தில், பித்தளையால் நாற்கால் பீடம் ஒன்று செய்வித்து, அதன்மேல் பட்டுக் குடையும் விரித்து வைத்தார். பீடத்தின் கால்கள் எங்கே நிற்கும் என்று எவரும் கேட்கவில்லை. அவை மட்கார்டின் தகட்டில் நின்றன. காகிதம்போல் வளையும் அந்தத் தகட்டில் நான்கு ஓட்டை போட்டு, அரசனுடைய சொல் முழுவதையும் அதன்மேல் ஏற்றினார்கள்.

பீடத்தைச் சோதித்த விதத்தையும் நீர் அறிய வேண்டும். அரண்மனை முற்றத்தில் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, தேங்காய் உடைத்து, பேழையை மேலே ஏற்றினார்கள். வண்டி அசையவில்லை, ஸ்டாண்டில் நிற்கும் வண்டி எப்படி அசையும்? எல்லோரும் மூக்கின்மேல் விரலை வைத்து வியந்தார்கள். வியந்தவர்களில் மாமன்னரும் ஒருவர் என்பதை அவரே எழுதச் சொல்கிறார். அழகாயிருக்கிறது என்று அன்று அவர் தம் வாயால் சொன்னார். அதை நினைக்கும்போதெல்லாம் அவருக்குத் தம்மீதே எரிச்சல் வருகிறது.

ஆவுடையாள் அங்கேயே கைகூப்பி நின்று, இப்பாரத்தோடு மலை ஏற முடியாதென்றும், குடையில் காற்றுப் பிடிக்குமென்றும், வேண்டுமானால் பேழையைத் தாழ வைத்து ஊர் எல்லையில் இறக்கித் தலைமேல் சுமந்து நடப்பேன் என்றும் தெரிவித்தாள். எவ்வளவு நியாயமான வழி. மழவராயர் அதற்கு, அச்சம் தூதருக்கு அழகன்று என்று ஓலைத்துண்டில் எழுதிக் கொடுத்தார். அவள் அத்துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

எட்டு நாள் சமவெளியில் அவள் அந்தப் பீடத்தைச் சமாளித்தாள். மாட்டுவண்டி வேகத்தில் சென்று, பொழுதுக்கு நான்கு முறை நட்டுகளை முடுக்கினாள். ஒன்பதாம் நாள் முற்பகல், தூறலில், மலைப்பாதையின் இருபத்திரண்டாம் வளைவில் கணவாய்க் காற்று குடைக்குள் புகுந்தது. தகடு கிழிந்து பீடம் இடப்புறம் சாய, வண்டியும் அவளுமாய் விழுந்து, அவளது இடக்கால் வண்டிக்கடியில் சிக்கியது. பேழை உருண்டு பாதையோர ஓடைநீரில் போய் நின்றது. அவள் காலை இழுத்து விடுவித்து, முழங்கையால் ஊர்ந்து சென்று பேழையை எடுத்தாள். முட்டிக்குக் கீழே எலும்பு இரண்டாகியிருந்த நிலையில் ஊர்ந்தாள் என்பதை உமது ஓலை சொல்லவில்லை. நாம் சொல்கிறோம்.

நனைந்த ஓலைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போனால் பிரிக்கும்போது எழுத்துக் கிழியும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொன்றாகப் பிரித்து, தன் முந்தானையால் ஒற்றி எடுத்தாள். பாதைமேல் கவிந்த பாறை தூறலை மறைத்த இடத்தில் வண்டி கிடந்தது; அங்கே ஊர்ந்து திரும்பினாள். என்ஜின் சூடு கை பொறுக்குமளவு ஆறும்வரை காத்திருந்து அதன்மேல் சிலவற்றை உலர்த்தினாள்; மற்றவற்றைத் தன் உடம்புச் சூட்டில் உலரட்டுமென்று வயிற்றின்மேல் பரப்பிக்கொண்டு மல்லாந்து படுத்தாள். மலையடியூர்ப் பால்காரர் கொம்பையா அவ்வழியே வந்து பதறியபோது அவள் சொன்னதை, அவர் இங்கு வந்து மன்னர்முன் சொன்னபடியே எழுதுகிறோம். “ஓலை பதினெட்டு இருக்கணும், எண்ணிப் பாருங்க அண்ணே. காலை அப்புறம் பாத்துக்கலாம்.” கொம்பையா எண்ணினார். பதினெட்டும் இருந்தன. அவளையும் ஓலைகளையும் உமது ஊரில் கொண்டுவந்து சேர்த்தவர் அவரே. கிழிந்த மட்கார்டுத் தகட்டையும் அவர் சாட்சியாகக் கையோடு கொண்டுவந்திருக்கிறார்.

இனி உமக்கு மட்டும் உரிய ஒரு செய்தி. அந்தப் பதினெட்டில் ஒன்று உமக்கு மண்டலச் சுடர் என்னும் பட்டம் அளித்து மன்னர் விடுத்த ஓலை. அதை நீர் முரசறைந்து அவையில் படிக்கக் கேட்டதாகவும், அன்று முதல் அப்பட்டத்தோடே கையொப்பமிடுவதாகவும் அறிகிறோம்; நேற்று வந்த ஓலையின் அடியிலும் அப்பட்டம் பெரிதாக இருந்தது. அவள் வயிற்றில் கிடந்து உலர்ந்த ஓலைதான் அது. பட்டத்தை எடுத்து அணிந்துகொண்டீர். கொண்டுவந்தவளைக் கட்டிலோடு கட்டிப்போட்டீர். இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா என்று அரசியார் கேட்டார். அதையும் எழுதச் சொன்னார்.

நேற்றுப் பிற்பகல் மன்னர் இரண்டாவது பித்தளைப் பீடத்தை வரவழைத்தார். மழவராயர் அழகுக்காக ஒரு ஜோடி செய்து வைத்திருந்தார். அதைத் தம் சொந்த மோட்டார் சைக்கிளில் பூட்டி, அதே எடைக்கு அரிசி மூட்டை ஏற்றி, குடையும் விரித்து, யானைக் கொட்டடிச் சரிவில் தாமே ஓட்டினார். அமைச்சர்கள் தடுத்தும் கேட்கவில்லை. ஏற்றத்தில் முன்சக்கரம் தரையை விட்டது. திருப்பத்தில் பீடம் ஒரு பக்கமும் மன்னர் ஒரு பக்கமுமாகப் போய், சாணக் குவியலருகே விழுந்தார். முழங்கை சிராய்த்தது, குடைக்கம்பு மகுடத்தை நெளித்தது. எழுந்து தூசி தட்டாமலே அவர் மழவராயரைப் பார்த்து, அரசன் சொல் மண்ணில் விழுந்ததற்கு நாடு கடத்தல் தண்டனையெனில், அரசனே மண்ணில் விழுந்ததற்கு யாரை எங்கே கடத்துவது என்று வினவினார். அதே கேள்வியை உமக்கும் வைக்கிறோம்.

ஆகவே ஆணை. ஆவுடையாள்மீது நீர் எழுதிய குற்றம் ஒன்றும் நில்லாது; இக்கணமே காவல் நீங்குக. உமது மாளிகையில் கடற்காற்று வரும் அறையை அவளுக்கு ஒழித்துத் தருக. நீர் பறிக்கவிருந்த வெள்ளி இலச்சினையை நீரே உம் கையால் அவளுக்கு அணிவிக்க. கால் கூடியபின் அவள் வண்டியேற விரும்பினால் அவள் விருப்பம். விரும்பாவிடில், இனி எந்தத் தூதரின் வண்டியிலும் எந்தக் கேரியர் ஏறலாம், எது ஏறக் கூடாது என்று தீர்ப்பளிக்கும் இருக்கை அவளுடையது. அவள் சொல்லுக்கு மேல் மரபுநாயகத்தின் சொல் செல்லாது. மழவராயரோ இனி மூன்று திங்கள், மாயழகுவின் பட்டறையில் முக்காலியில் அமர்ந்து, வண்டிகள் ஏன் விழுகின்றன என்று கேட்டு எழுதுவார்.

இவ்வோலை எவ்வாறு வந்ததென்று கொண்டுவந்தவரின் வண்டியைப் பார்த்து அறிக. மாயழகு மாட்டி வைத்திருந்த அந்தக் கறுப்புக் கேரியரில், சீட்டின் மட்டத்துக்கும் கீழே, தார்ப்பாயில் சுற்றி, பெட்ரோல் கேனுக்கும் சோற்றுப் பாத்திரத்துக்கும் நடுவே கட்டி அனுப்பினோம். முப்பத்தாறு வளைவும் கடந்து முத்திரை உடையாமல் வந்திருக்கும், தடவிப் பாரும்.

இதை அவையில் நின்று படிக்க வேண்டாம். ஆவுடையாளின் கட்டிலருகே தரையில் அமர்ந்து, அவளுக்குக் கேட்கும்படி முதல் வரியிலிருந்து படிக்க. மன்னர் அவளிடம் பொறுத்தருளக் கேட்கிறார் என்ற இந்த வரியை இரண்டு முறை படிக்க. படித்து முடித்ததும் ஓலையைப் பெட்டகத்தில் வைக்காதீர். முறிந்த கால் உயர்ந்திருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்வார். அவள் காலைத் தாங்கும் தலையணைக்கடியில் இதை வைக்க. உயரம் போதாதெனில், உமது பட்டத்து ஓலையையும் எடுத்து வந்து இதன்மேல் அடுக்குக.

மூங்கில் முத்திரை, மன்னர் தம் சிராய்த்த கையாலேயே இட்டது. ஆணை நிற்க, அவள் எழுந்து நடக்கும்வரை மற்றவை காத்திருக்க.